ஆவுளியாவும் கடற்புல்லும்

தீவகக் கரைகளில் ஒதுங்கும் சாதாளையைத் தோட்டத்துக்கு எருவாக இடுதல் நம்மவர் பழைய வழக்கம். அதனுட் கலந்துவரும் கடற்புல்லே ஆவுளியா என்னும் கடற்பசுவின் உணவு. மேய்ச்சலாற் பசுவெனப்பட்டதாயினும் அதற்கு நெருங்கிய இனம் யானையே. பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் முன்பு மிக்கிருந்த இவ்விலங்கு இன்று மிக அருகிவிட்டது.

இறைச்சிக்காக அதனைக் கொல்வதை 1970இல் இலங்கைச் சட்டம் தடுத்தது. ஆயினும் வலையிற் சிக்கி அது மாள்வதையும், இழுவைமடிகள் கடலடியை வாரிப் புல்லை வேரோடு பறிப்பதையும் அச்சட்டம் எங்ஙனம் தடுக்கும்? பெட்டை 13 திங்களுக்கு மேல் சூல்கொண்டு ஒரு கன்றே ஈனும். அடுத்த கன்றுக்கு 3 முதல் 7 ஆண்டு செல்லும். ஆதலின் ஆண்டுதோறும் சிலவே இறப்பினும் இனம் தேயும்.

இலங்கை 2017இல் இழுவைமடியைத் தடைசெய்தது. தமிழ்நாடு 2022இல், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோமீற்றர்க் கடற்பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக்கியது. நீரிணையின் நம் பக்கத்திலோ, எல்லை கடந்து வரும் இழுவைப்படகுகளின் வரவு இன்னும் ஓய்ந்தபாடில்லை.