கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின்

கண்மணிக்குப் பின்னாலுள்ள இயற்கை வில்லை கலங்குவதே கண்புரை. கலங்கிய பகுதியை அகற்றி, அதைச் சூழ்ந்துள்ள மெல்லிய உறைக்குள் செயற்கை வில்லையைப் பொருத்துவதே இன்றைய சிகிச்சை. 1949ஆம் ஆண்டு லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாக வில்லை பொருத்திய நோயாளிக்கு, அதன் வலு பொருந்தாமையால் கடுமையான குறும்பார்வை எஞ்சியது. இன்று கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் முன்கூட்டியே அளந்து வலுவைத் தீர்மானிப்பதால் அத்தகைய பிழை அரிதாகிவிட்டது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் முயற்சியால் 1992இல் தொடங்கிய ஆரோலேப், வில்லைகளைக் குறைந்த விலையில் தயாரித்து, இச்சிகிச்சையை ஏழைகளுக்கும் எட்டச் செய்தது.

சிக்கல்களில் மிகப் பரவலானது உறை மங்குதல். உறையில் எஞ்சிய உயிரணுக்கள் பெருகி அதன் பின்சுவரில் படர்வதால், மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வை மீண்டும் மங்குகிறது. புரை திரும்பிவிட்டதென்று பலர் மனம் தளர்ந்தாலும், அகற்றப்பட்ட புரை மீண்டும் வளர்வதில்லை. யாக் லேசர் கதிரால் பின்சுவரில் சிறு திறப்பை உண்டாக்கினால், கத்தி படாமல் சில நிமிடங்களில் ஒளிக்கு வழி பிறக்கிறது.

அரிதாயினும் அஞ்சத்தக்கது கண்ணுக்குள் ஏற்படும் கிருமித்தொற்று. அரவிந்த் மருத்துவர்கள் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிகிச்சை முடிவில் மொக்சிஃபுளோக்சசின் என்னும் கிருமிக்கொல்லியைக் கண்ணுக்குள் செலுத்தியபோது, 10,000 கண்களுக்கு ஏறக்குறைய 7 ஆக இருந்த தொற்று 2 ஆகக் குறைந்தது. சிகிச்சையின்போது உறையின் பின்சுவர் கிழிந்த கண்களில் தொற்று பல மடங்கு கூடுதலாக இருந்தாலும், அங்கும் அது பாதிக்கும் கீழாகக் குறைந்தது.

கிருமி சத்திரசிகிச்சைக் கூடத்தில் மட்டும் கண்ணை அடைவதில்லை. பின்னர் இடும் மருந்தும் தூய்மையாக இருக்க வேண்டும். 2023இல் நுவரெலியாவில் புரை அகற்றப்பட்ட சிலரின் பார்வை, பிரெட்னிசோலோன் சொட்டு மருந்து இட்டபின் பாதிக்கப்பட்டதும், அம்மருந்து பாவனையிலிருந்து நீக்கப்பட்டதும் இதை உணர்த்தின.

நிவித்திகல போன்ற மலைப்பகுதித் தோட்டங்களில், லயத்திலிருந்து இரத்தினபுரிப் போதனா வைத்தியசாலைக்குச் செல்வதென்றால் ஒரு நாள் சம்பளமும் பஸ் கட்டணமும் கணக்கில் வரும் என்பதால், எந்த அறிகுறி பொறுக்கும், எது பொறுக்காது என்பதை நோயாளியும் வீட்டாரும் அறிந்திருப்பது இன்றியமையாதது. மாதங்கள் கழித்து மெல்லப் படியும் மங்கலை அடுத்த கிளினிக்கில் காட்டலாம். ஆனால் சிகிச்சை முடிந்த முதல் வாரங்களில் நோவும் சிவப்பும் கூடி, தெளிந்த பார்வை திடீரெனக் குன்றினால், கிளினிக் திகதி வரை காத்திராமல் அன்றே கண் வைத்தியரிடம் செல்ல வேண்டும், ஏனெனில் தொற்றில் மணிக்கணக்கான தாமதமும் பார்வையைப் பறிக்கக்கூடும்.