இறக்கைகளுக்கு நடுவே ஒரு வால்வு

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்த பிறகு, எரிபொருள் சுவிட்ச் என்ற சொல் டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் வழியை அடைக்கிற சுவிட்ச் அது. அதை வைத்துக்கொண்டு தொலைக்காட்சிகளில் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். 260 உயிர்கள் போன விபத்தில் ஊகத்துக்கு இடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சுகளைக் கேட்ட வாசகர் ஒருவர் எழுதி அனுப்பிய கேள்வி மனத்தில் தங்கிவிட்டது. “எரிபொருள் இரண்டு இறக்கைகளுக்குள்ளும் இருக்கிறது என்கிறார்கள். ஒரு பக்கம் சீக்கிரம் காலியானால் விமானம் சாயாதா? ஒரு டேங்கிலிருந்து இன்னொரு டேங்குக்கு யார் மாற்றிவிடுகிறார்கள்?”

பெரும்பாலான நேரம் யாரும் மாற்றுவதில்லை. இந்த ஏற்பாட்டில் என்னைக் கவர்ந்ததே அதுதான்.

நம் ஊர் விமான நிலையங்களுக்குப் பழக்கமான போயிங் 737-800 விமானத்தில் மூன்று டேங்குகள். இறக்கைக்கு ஒன்று, வயிற்றுப் பகுதியில் நடுவே ஒன்று. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 26,000 லிட்டர் பிடிக்கும். டேங்க் என்றதும் உள்ளே தனியாக ஒரு பீப்பாய் இருப்பதாக நினைக்க வேண்டாம். இறக்கையின் உட்கூடுதான் டேங்க். அதன் மூட்டுகளைக் கசியாமல் பூசி அடைத்திருப்பார்கள். மேலே கிளம்பியதும் முதலில் நடு டேங்க் காலியாக வேண்டும், இறக்கைகள் கடைசியில்தான். பறக்கும்போது காற்று இறக்கைகளை மேல்நோக்கி வளைக்கிறது. உள்ளே இருக்கும் எரிபொருளின் எடை அவற்றைக் கீழே அழுத்திப் பிடிப்பதால், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பளு குறைகிறது. அந்த எடையை எவ்வளவு நேரம் இறக்கையிலேயே வைத்திருக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

இந்த வரிசையைக் காப்பாற்ற ஒரு கணினி கணக்குப் போட்டு வால்வுகளைத் திறந்து மூடும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அப்படி இல்லை. நடு டேங்கில் எரிபொருள் இருக்கும்வரை எல்லா டேங்கின் பம்புகளும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. வரிசை தானாக அமைகிறது.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். கீழே ஒரு சம்ப், பக்கத்தில் ஒரு போர்வெல். இரண்டுக்கும் தனித்தனி மோட்டார், ஆனால் மாடிக்கு ஏறும் குழாய் ஒன்றுதான். ஒவ்வொரு மோட்டாரும் அந்தக் குழாயோடு சேரும் இடத்தில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கும். உள்ளே ஒரு தகடு, தண்ணீர் முன்னால் தள்ளினால் திறக்கும், பின்னாலிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும். இரண்டு மோட்டாரையும் போடுகிறோம். போர்வெல் மோட்டாருக்குத்தான் வலு அதிகம். அதன் அழுத்தம் குழாயை நிரப்பி, சம்ப் பக்கத்து வால்வின் தகடை முதுகுப்புறமிருந்து அழுத்திப் பிடிக்கிறது. சம்ப் மோட்டார் ஓடுகிறது, அதிலிருந்து ஒரு சொட்டும் ஏறவில்லை. போர்வெல் வற்றியதும் குழாயில் அழுத்தம் இறங்குகிறது, அந்தக் கணமே சம்ப் பக்கத்துத் தகடு திறந்துகொள்கிறது. மாடிக்கு வரும் தண்ணீர் ஒரு நொடியும் நிற்பதில்லை. வாட்ச்மேன் எழுந்து வரவேண்டிய அவசியமே இல்லை. போர்வெல் பக்கத்து வால்வு இப்போது மூடிக்கொள்வதால் சம்ப் தண்ணீர் ஆழ்துளைக்குள் வீணாக இறங்குவதும் இல்லை.

இங்கே போர்வெல் என்பது நடு டேங்க், சம்ப் என்பது இறக்கை டேங்க். பழைய 737களில் வால்வுகளைக் கொண்டே இந்தப் பாரபட்சத்தை உண்டாக்கினார்கள். நடு டேங்கின் வால்வு சிறிய அழுத்த வேறுபாட்டிலேயே திறந்துவிடும், இறக்கையினுடையது கூடுதலாகத் தள்ளினால்தான் திறக்கும். அடுத்த தலைமுறையில் நடு டேங்குக்கு வலுவான பம்புகளையே கொடுத்துவிட்டார்கள். ஏர்பஸ் ஏ320 அதே காரியத்தைத் தலைகீழாகச் செய்தது. இறக்கைப் பம்புகளின் வாயில் அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு வால்வைப் பொருத்தி, அவற்றை அடக்கி வைத்தது. எந்த வழியானாலும் முடிவு எடுப்பவர் என்று அங்கே ஒருவரும் இல்லை. இறக்கைப் பம்புகள் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருப்பதால், நடு டேங்க் காலியாகும் அந்த நொடியில் எஞ்சினுக்கு விக்கல்கூட வராது. எல்லாவற்றுக்கும் அறிவார்ந்த மென்பொருள் வருகிறது என்று விற்பனையாளர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தத் தகடுதான் நினைவுக்கு வருகிறது. அதற்கு மின்சாரம் வேண்டாம், சென்சார் வேண்டாம், மென்பொருள் திருத்தமும் வேண்டாம்.

இதைவிட எளிய சாதனம் ஒன்று இறக்கைக்குள்ளேயே இருக்கிறது. இறக்கையின் உறுதிக்காகக் குறுக்கே பல தடுப்புச் சட்டங்கள் வைத்திருப்பார்கள், அவற்றின் துளைகள் வழியாகத்தான் எரிபொருள் நகர வேண்டும். இறக்கைகள் நுனியை நோக்கிச் சற்று உயர்ந்திருப்பதால், எரிபொருள் சாதாரணமாக உடல் பக்கம் வடிந்து, பம்பு இருக்கும் இடத்தில் சேரும். ஆனால் ஓடுபாதையில் விமானம் வேகமெடுக்கும்போது எரிபொருள் பின்னால் தள்ளப்படுகிறது. இறக்கை பின்னோக்கிச் சாய்ந்து வளர்ந்திருப்பதால், பின்னால் போவது என்றால் நுனிக்குப் போவது என்று அர்த்தம். எஞ்சின் முழு பலத்தோடு எரிபொருள் கேட்கும் அதே நேரத்தில் பம்பை விட்டு அது விலகி ஓடப் பார்க்கிறது! அதற்காகத்தான் குறிப்பிட்ட தடுப்பின் அடிப்பகுதித் துளைகளில் கீல் போட்ட சிறு தகடுகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். உடல் பக்கம் வரும் எரிபொருளுக்கு அவை வழிவிடும், நுனிப் பக்கம் ஓடப் பார்த்தால் சாத்திக்கொள்ளும். பம்பைச் சுற்றி எப்போதும் ஒரு குட்டை நிறைந்து நிற்கும்.

வரலாறு கேட்பவர்களுக்காகக் கொஞ்சம். 1927இல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்தபோது அவருடைய விமானத்தில் ஐந்து டேங்குகள் இருந்தன. முப்பத்து மூன்றரை மணி நேரமும் எந்த டேங்கிலிருந்து எடுப்பது என்று அவரே குழாய்த் திருகுகளை மாற்றிக்கொண்டு, கருவிப் பலகையில் பென்சிலால் கோடு போட்டுக் கணக்கு வைத்தார். கையால் திருகும் வால்வு சிறிய விமானங்களில் இன்றும் உண்டு. 1997 அக்டோபரில் அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியாவின் மான்டரே கரைக்கு அருகே விழுந்து இறந்தபோது, விசாரணை அவருடைய சிறு விமானத்தின் டேங்க் மாற்றும் வால்வில் போய் நின்றது. வடிவமைப்பாளரின் வரைபடம் அதை விமானியின் கால்களுக்கு நடுவே வைக்கச் சொன்னது. அந்த விமானத்தைக் கட்டியவர் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார், எந்த நிலை எந்த டேங்க் என்ற குறியும் போடவில்லை. உடம்பைத் திருப்பி அதை எட்டிப் பிடிக்கும்போது விமானியின் கால் சுக்கான் மிதியை அழுத்திவிட வாய்ப்பு இருந்தது.

பெரிய விமானத்துக்கு வருவோம். இடது டேங்க் இடது எஞ்சினுக்கு, வலது டேங்க் வலது எஞ்சினுக்கு என்பதுதான் அங்கே சட்டம். இரண்டு பக்கத்துக் குழாய்களையும் இணைக்கும் ஒரு குறுக்குக் குழாய் உண்டு, அதன் நடுவே ஒரு வால்வு. விமானிகள் கிராஸ்ஃபீட் என்பார்கள். அடுக்குமாடிக்கே திரும்பினால், பக்கத்து பிளாக்குக்கும் இதே போல் ஒரு சம்ப், ஒரு போர்வெல், ஏறும் குழாய் ஒன்று. இரண்டு பிளாக்கின் ஏறும் குழாய்களையும் இணைத்து நடுவே போட்ட கேட் வால்வு அது. சாவி சங்கச் செயலாளரிடம் இருக்கும், சாதாரண நாளில் மூடியே இருக்கும்.

737இல் இந்த வால்வுக்கு ஒரு நீல விளக்கு. வால்வு மூடியிருந்தால் விளக்கு அணைந்திருக்கும், முழுவதும் திறந்திருந்தால் மங்கலாக எரியும். பளிச்சென்று எரிந்தால், வால்வு பாதி வழியில் நகர்ந்துகொண்டிருக்கிறது, அல்லது விமானி திருப்பிய நிலையும் வால்வு நிற்கும் நிலையும் ஒத்துப்போகவில்லை. திறந்ததா மூடியதா என்று மட்டும் சொல்லும் விளக்கைவிட, சொன்னபடி நடந்ததா என்று சொல்லும் விளக்கு எத்தனையோ மேல். இதை யோசித்து வைத்த பொறியாளர் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

இனி ஒரு உண்மைக் கதை. 2001 ஆகஸ்ட் 24. டொராண்டோவிலிருந்து லிஸ்பனுக்கு 306 பேருடன் அட்லாண்டிக்கின் மேல் போய்க்கொண்டிருந்தது ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330. சில நாட்களுக்கு முன்புதான் அதன் வலது எஞ்சினை மாற்றியிருந்தார்கள். புதிதாக வந்த எஞ்சினுக்குப் பொருந்தாத ஒரு ஹைட்ராலிக் குழாய், எரிபொருள் குழாயோடு உரசும்படி பொருத்தப்பட்டிருந்தது. உரசி உரசி எரிபொருள் குழாயில் விரிசல் விழுந்தது. விமானிகளுக்கு முதலில் தெரிந்ததோ வேறு ஒன்று: வலது எஞ்சினின் எண்ணெய் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தது, அதன் அழுத்தம் கூடியிருந்தது. எஞ்சின் எண்ணெயைக் குளிர்விப்பது எரிபொருள்தான். கசிவால் அந்த வழியே எரிபொருள் அதிகமாகப் பாய, எண்ணெய் ஜில்லிட்டுப் போனது. இந்த இரண்டையும் அந்த நேரத்தில் முடிச்சுப் போட்டுப் பார்ப்பது எளிதல்ல. கருவிதான் தப்பாகக் காட்டுகிறது என்ற சந்தேகம் விமானிகளுக்கு வந்தது.

கசிவை மறைக்க இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஏ330இன் வாலில் ஒரு டேங்க் உண்டு. எரிபொருளைப் பின்னுக்கு அனுப்பி எடையின் மையத்தை நகர்த்தினால் காற்றின் இழுவை சற்றுக் குறையும். கான்கார்டு விமானம் ஒலியைவிட வேகமாகப் போகும்போது நிலை தவறாமலிருக்கச் செய்த வித்தையின் சாதுவான வடிவம் இது. அந்த வால் டேங்கின் எரிபொருள் முன்னால் வந்து கசிகிற பக்கத்தை நிரப்பியதால், இடதும் வலதும் வேறுபடுகின்றன என்ற எச்சரிக்கை தாமதமாகவே வந்தது.

எச்சரிக்கை வந்ததும் விமானிகள் நினைவிலிருந்தே செயல்பட்டார்கள். கிராஸ்ஃபீட் வால்வைத் திறந்து, வலது டேங்கின் பம்புகளை நிறுத்தினார்கள். இனி இடது டேங்கே இரண்டு எஞ்சினுக்கும் கொடுக்கும், சமநிலை திரும்பிவிடும். செய்முறை அட்டையைக் கையில் எடுத்திருந்தால், கசிவு இருக்கக்கூடும் என்றால் இதைச் செய்யாதே என்று அதில் இருந்த எச்சரிக்கை கண்ணில் பட்டிருக்கும். அடுக்குமாடி சங்கத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பக்கத்து பிளாக்கில் குழாய் வெடித்துத் தண்ணீர் மண்ணில் போகிறது. யாரும் அதைப் பார்க்கவில்லை, அவர்கள் சம்ப் இறங்குவது மட்டும் தெரிகிறது. பாவம், நம் தண்ணீரைக் கொடுப்போம் என்று நடு வால்வைத் திறந்தால் இரண்டு பிளாக்கும் வறண்டுவிடும்.

அப்படித்தான் ஆனது. உலகப் பொது நேரப்படி காலை 6.13க்கு வலது எஞ்சின் நின்றது. 6.26க்கு இடதும். கீழே கடல், அசோர்ஸ் தீவுகளின் லாஜெஸ் விமானத் தளம் இன்னும் சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி. காற்றில் சுழலும் ஒரு சிறு விசிறி கொடுத்த சக்தியில், இரண்டு எஞ்சினும் இல்லாமல் 19 நிமிடம் மிதந்து வந்து தரையிறக்கினார்கள். டயர்கள் வெடித்தன, பதினெட்டுப் பேருக்குக் காயம், எல்லாரும் பிழைத்தார்கள். பத்திரிகைகள் அற்புதம் என்று எழுதின. மிதந்து வந்த திறமை உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அற்புதம் என்ற சொல் அந்த வால்வைக் கதையிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. போர்ச்சுகல் விசாரணை அறிக்கை அதைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தது.

இப்போது வாசகரின் முதல் கேள்வி. ஒரு பக்கம் காலியானால் விமானம் சாயாதா? சாயப் பார்க்கும். இறக்கையின் கட்டுப்பாட்டுப் பரப்புகள் கொஞ்சம் திரும்பி அதைச் சரிக்கட்டும். எரிபொருள் அமைப்பில் பழுது நேர்ந்த நிலையில், இரு பக்க வேறுபாடு வரம்பை மீறினாலும் விமானத்தை முழுக்கக் கட்டுப்படுத்தலாம் என்று ஏர்பஸ்ஸின் கையேடே சொல்கிறது. அன்று இடது டேங்கில் நிறைய எரிபொருளும் வலதில் வெறுமையுமாக ஒரு எஞ்சினில் லாஜெஸ் போய்ச் சேர்ந்திருந்தால், விமானத்துக்கு அது பெரிய சங்கடமாக இருந்திருக்காது. வேறுபாட்டைச் சரிசெய்யப் போனதில்தான் ஆபத்து இருந்தது.

விபத்துக்குப் பிறகு பிரெஞ்சு விமானத்துறை, வேறுபாட்டைச் சரிசெய்ய வால்வைத் திறக்கும் முன் கசிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும் என்பதைக் கையேட்டில் அழுத்தமாகச் சேர்க்க உத்தரவிட்டது. உறுதிசெய்யும் வழி ஒரு கூட்டல் கணக்குதான். எஞ்சின்கள் இதுவரை எரித்தது எவ்வளவு, டேங்குகளில் மீதி எவ்வளவு. இரண்டையும் கூட்டினால் கிளம்பும்போது நிரப்பிய அளவு வர வேண்டும். வராமல் குறைந்தால், காணாமல் போன எரிபொருள் எங்கேயோ வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அப்போது அந்த வால்வை மூடியே வைத்திருக்க வேண்டும்.