திரையில் ஒரு புள்ளி

ஊருக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தாலே பெருமை என்றிருந்த 1980களின் தொடக்கத்தில் நான் சிறுவன். வெள்ளிக்கிழமைதோறும் 'ஒளியும் ஒலியும்' காண எங்கள் தெருவே ஓர் இல்லத்தின் முற்றத்தில் கூடிவிடும். என் பாட்டியும் வருவார். பாடல்களில் அவருக்கு அத்துணை நாட்டமில்லை. நாற்பது வயதிற்குமேல் எழுத்துக் கற்றவர் அவர். திரையில் தோன்றும் தலைப்புகளையும் பெயர்களையும் எழுத்துக்கூட்டி உரக்கப் படிப்பதே அவருக்குப் பேரின்பம். காற்றில் ஆண்டெனா திரும்பிப் படம் மங்கினால், முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளியே. பாட்டி திணறுவார், சிறுவர்களாகிய நாங்கள் நகைப்போம். அந்நகைப்பை எண்ணி இன்று நாணுகிறேன்.

அத்தகைய தலைப்புகள் பெரும்பாலும் மனிதக் கையால் எழுதப்பெற்றவை என்பதை இன்றைய இளையோர் அறியமாட்டார்கள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. எழுத்தைத் தானே திரையில் அமைத்துத் தரும் மின்னணுக் கருவிகள் பரவுவதற்கு முன்பு, தலைப்பெழுதும் பணி தூரிகை பிடித்த ஓவியருடையதாகவே இருந்தது. கரிய அட்டையில் வெண்ணிற வண்ணத்தால் எழுதுவார். அதனைத் தாங்கியில் நிறுத்தி ஒரு காமிரா படம்பிடிக்கும். மற்றொரு காமிரா தரும் காட்சியின்மீது அப்படத்தைப் படியவைத்தால், கருமை மறைந்து வெண்ணெழுத்து மட்டும் நிற்கும். பெயர்ப்பட்டியல் நீண்டதாயின், நீளத்தாளில் எழுதி, உருளையில் சுற்றி, மெல்லச் சுழற்றுவதுண்டு. கை சற்றுத் தயங்கினால் பெயர்களும் தயங்கும்!

கடைப்பலகை எழுதுவதைப் போன்றதன்று இது. அட்டை 12 அங்குல அகலமும் 9 அங்குல உயரமும் உடையது என்று கொள்வோம். அந்நாளைய பெட்டிகள் படத்தின் ஓரங்களை விழுங்கிவிடும் இயல்புடையவை. ஆதலால் ஒவ்வொரு பக்கத்திலும் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, நடுவிலுள்ள 9.6 அங்குல அகலத்திற்குள்ளும் 7.2 அங்குல உயரத்திற்குள்ளும் எழுத்தை அடக்க வேண்டும்.

அதனினும் பெரிய இடையூறு திரையின் கோடுகள். நம் நாடு ஏற்றுக்கொண்ட முறையில் படம் 625 கிடைக்கோடுகளால் ஆனது. அவற்றுள் கண்ணுக்குத் தெரியும் படத்தைத் தாங்குபவை ஏறத்தாழ 576. ஆக, அட்டையின் ஓர் அங்குலத்திற்கு 64 கோடுகள் எனலாம். இக்கோடுகளும் ஒருசேர வருவதில்லை. முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாகவும், பின்னர் எஞ்சியவையாகவும் வருகின்றன. எனவே ஒரே கோட்டில் விழும் மெல்லிய கீற்று நிலையாய் நில்லாது, நொடிக்கு 25 முறை மின்னித் துடிக்கும். அச்சில் அழகாய்த் தோன்றும் மெல்லிய வளைவு திரையில் நடுங்குவது இதனாலேயே. வெண்மையை மிகுதியாக்கி ஈடுசெய்யலாமே எனின், அதற்கும் வழியில்லை. வெண்மை அளவு கடந்தால் அது ஒலியிலும் புகுந்து, எழுத்துத் தோன்றும்போதெல்லாம் பெட்டி உறுமத் தொடங்கும்!

இவ்விடத்தில்தான் நம் தமிழ்ப் புள்ளிக்கு நெருக்கடி நேர்கிறது. ஆங்கிலத்தில் புள்ளியிழந்த எழுத்தைப் படித்துவிடலாம்; தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். 'கல்வி'யில் புள்ளி போனால் விளையும் பொருளைக் குடும்ப இதழொன்றில் நான் விளக்கப்போவதில்லை. ஆகவே புள்ளியைச் சற்றே பெரிதாக்கி, எழுத்தின் தலையில் ஒட்டாமல் உயர்த்தி வைக்க வேண்டும். மிகப் பெரிதானால் அது சுழி போலத் தோன்றிவிடும். ண, ழ, ற போன்றவற்றின் சுழிகள் அடைபடாதபடி உள்வெளியை அகலமாக்க வேண்டும். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தமோ, ஒட்டியிருந்த 'னா', 'ணை' முதலியவற்றைப் பிரித்து நிறுத்தியது. படிப்போர்க்கு எளிமை கிடைத்தது. ஓவியர்க்கோ வரி நீண்டது, 9.6 அங்குலம் நீளவில்லை!

புள்ளி தொலைவது தமிழுக்குப் புதிதன்று. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பழுதாகும் என்று ஏடெழுதுவோர் அதனை விட்டுவிட்டனர் என்பர். எகர ஒகரக் குறில்களும் தொல்காப்பியர் காலத்தில் புள்ளியாலேயே அறியப்பட்டன. அப்புள்ளியும் விடுபட்டதால், குறில் எது, நெடில் எது என்று மயங்கிய நிலையில், 18ஆம் நூற்றாண்டில் நம் வீரமாமுனிவர் புள்ளியை நம்பியிராமல், நெடிலுக்குக் கொம்பின்மேல் சுழியிட்டு வடிவத்தையே வேறுபடுத்தினார். மெய்யெழுத்திற்கு அத்தகைய மாற்று அமையவில்லை. அது இன்றும் புள்ளியையே நம்பி நிற்கிறது. ஏட்டில் ஓலையைக் காக்கப் புள்ளியை விட்டனர். அட்டையில் எழுதிய ஓவியருக்கு அச்சலுகை கிடையாது.

இத்தனை உழைப்பிற்கும் அந்த அட்டை திரையில் நிற்பது சில நொடிகளே. பாட்டிக்கோ அந்நேரம் போதாது. நிகழ்ச்சி முடிந்து 'வணக்கம்' என்னும் எழுத்துகள் தோன்றியதும், விரலைக் காற்றில் நீட்டி, 'வ... ண... க்...' என்று தொடங்குவார். 'ம்' வரும்போது பெட்டியை அணைத்திருப்பார்கள். கடைசிப் புள்ளியை அவர் இருண்ட திரையை நோக்கியே வைப்பார்.