அக்கரை இக்கரை – 6: ஒரு கிலோமீட்டர் பாலம், இரண்டு சம்பளம்

1973 மே மாதம்வரை சிங்கப்பூர் வெள்ளியைக் கொண்டுபோய் ஜொகூர் பாருவில் நீட்டினால் அதே மதிப்புக்கு மலேசிய வெள்ளி கிடைத்தது. ஒன்றுக்கு ஒன்று. 1965 ஆகஸ்ட் 9இல் சிங்கப்பூர் தனி நாடாகப் பிரிந்த பிறகும் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அந்தச் சமன் நீடித்தது. பிறகு மலேசியா அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டது. இரு நாணயங்களும் தத்தம் வழியில் போயின. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளி வாங்க மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். இவ்விரு நாடுகளின் வாழ்க்கைத் தரத்தைப் பற்றி எங்கே தொடங்கிப் பேசினாலும் பேச்சு கடைசியில் இந்த மூன்றில் வந்து நிற்கிறது.

பட்டியல் போடுகிறவர்களுக்கு இங்கே வேலை மிச்சம். சிங்கப்பூரில் ஒருவரின் சராசரி ஆயுள் 83 ஆண்டுகள், மலேசியாவில் 75. தலைக்கு இவ்வளவு என்று நாட்டு வருமானத்தைப் பிரித்தால் சிங்கப்பூர் மலேசியாவைப்போல் ஏழு மடங்கு. 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பிசா தேர்வில், 2022இல் கணிதத்துக்குச் சிங்கப்பூர் வாங்கிய மதிப்பெண் 575. மலேசியா வாங்கியது 409. இத்தனையும் உண்மைதான். ஆனால் ஜொகூர் நீரிணையின் குறுக்கே 1924இல் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள கடற்பாலத்தை இருபுறமும் சேர்த்து நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கிறார்கள். மலேசியாவில் கண்விழித்து, சிங்கப்பூரில் உழைத்து, மலேசியாவில் தூங்கப்போகிறவர்கள் அவர்களில் ஏராளம். அவர்களை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது?

அவர்களுடைய நாள் விடியலுக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. நான்கு மணிக்கே ஜொகூரின் மசாயிலிருந்தும் ஸ்கூடாயிலிருந்தும் தம்போயிலிருந்தும் மோட்டார் சைக்கிள்கள் கிளம்புகின்றன. காற்றுக்கும் தூறலுக்கும் தடுப்பாக இருக்கட்டும் என்று சட்டைக்கு மேல் ஜாக்கெட்டை முன்பக்கம் பின்னாக மாற்றிப் போட்டிருப்பார்கள். மலேசியச் சாலைகளில் இந்தக் கோலத்தை எங்கும் பார்க்கலாம். கடவுச்சீட்டு எடுக்க வாகாக இடுப்புப்பையில் இருக்கும். முதலில் மலேசியச் சாவடி, பிறகு பாலம், அதன் பிறகு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி. பாலத்தின் மேல் எஞ்சினை அணைப்பதும் போடுவதுமாக அங்குலம் அங்குலமாக நகரும் அந்தக் கூட்டத்தில் முன்னால் நிற்கும் வண்டியின் புகை நேராக முகத்துக்கு வரும்.

பேருந்தில் போகிறவர்களின் பாடு வேறு மாதிரி. லார்க்கினில் 170ஆம் எண் பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால் போதும் என்று நினைக்க முடியாது. மலேசியச் சாவடியில் பை, குடை, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். மின்படியில் ஏறி, வரிசையில் நின்று, மறுபுறம் இறங்கி அடுத்த பேருந்தைப் பிடிக்க வேண்டும். வந்த பேருந்து காத்திருக்காது. பாலத்தைக் கடந்ததும் உட்லண்ட்ஸில் அதே சடங்கு இன்னொரு முறை. நெரிசல் இல்லாத நாளில் சில நிமிடங்களில் முடிகிற தூரம் இது. வெள்ளிக்கிழமை மாலையிலோ பண்டிகைக்கு முந்தைய நாளிலோ மணிக்கணக்காகிவிடும். காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிறவருக்கு 18 மணி நேரம் பாலத்திலேயே கரைகிறது. சராசரி ஆயுளை அளக்கும் எந்தப் பட்டியலிலும் இந்த மணிகள் கழிக்கப்படுவதில்லை.

எதற்காக இத்தனை சிரமம்? 2025 பிப்ரவரியில் மலேசியா தன் குறைந்தபட்ச ஊதியத்தை மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தியது. கடற்பாலத்துக்கு அப்பால் ஒரு தொழிற்சாலையிலோ கிடங்கிலோ மாதம் 2,000 வெள்ளி கிடைத்தால், திரும்பி வரும்போது அது 6,000 ரிங்கிட்டுக்கு மேல். அந்தப் பணம் ஜொகூரில் ஒரு வீடாகிறது. வாசலில் கார் நிறுத்த இடம், முன்னால் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் கொஞ்சம் மண், பெற்றோருக்குத் தனி அறை என்று அமைந்த இரண்டு மாடி வரிசை வீடு. சிங்கப்பூரில் இப்படித் தரையோடு ஒட்டிய வீடு செல்வந்தர்களுக்குரியது.

சிங்கப்பூர்க்காரர்கள் வீட்டுக்குத் திண்டாடுகிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் உலகில் வேறெந்த அரசும் எளிதில் காட்ட முடியாத சாதனையைச் செய்திருக்கிறது. குடியிருப்போரில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் அது கட்டிய அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது சொந்த வீடு. 55 வயதுவரை ஊழியர் சம்பளத்தில் 20 விழுக்காடும் முதலாளி தரப்பில் 17 விழுக்காடும் மத்திய சேம நிதியில் சேர்கின்றன. அந்தச் சேமிப்பிலிருந்தே வீட்டுத் தவணையைக் கட்டலாம். கீழே இறங்கினால் உணவங்காடி, எட்டும் தூரத்தில் மருந்தகம், நூலகம், ரயில். ஆனால் சொந்தம் என்பது 99 ஆண்டுக் குத்தகைக்கு. புதுவீட்டுக்கு விண்ணப்பித்துக் கிடைத்துவிட்டாலும் கட்டி முடிய மூன்று நான்கு ஆண்டுகள் பொறுக்க வேண்டும். திருமணமாகாதவர் தனியாக வாங்க 35 வயதாக வேண்டும். 2024இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கழக வீடுகள் பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் கைமாறியதைப் பார்த்த இளம் தம்பதிகளுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்.

பாலத்தைக் கடக்கும் மலேசியர் இந்தச் சேம நிதிக்குள் வருவதில்லை. குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ளவர்களுக்கே அது உண்டு. வேலை அனுமதிச் சீட்டில் போகிறவருக்குச் சிங்கப்பூர் முதலாளி சேம நிதி கட்ட வேண்டியதில்லை. மலேசியாவின் ஊழியர் சேமநிதியில் அவர் பெயரில் போடவும் அங்கே முதலாளி கிடையாது. அவராகவே மாதாமாதம் எடுத்துப் போட்டால்தான் முதுமைக்கு ஏதாவது மிஞ்சும். கைக்கு வரும் சம்பளம் மும்மடங்காகத் தெரிகிற வயதில் இது உறைப்பதில்லை. இந்த ஓட்டையை இரு அரசுகளும் பேசி அடைத்திருக்க வேண்டும் என்பதே இந்தத் தொடரின் உறுதியான கருத்து.

கார் விஷயத்தில் வேறுபாடு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. சிங்கப்பூரில் கார் வாங்க 1990 முதல் வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும் அதை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் சிறிய காருக்கான சான்றிதழே ஒரு லட்சத்து ஆறாயிரம் வெள்ளிக்குப் போனது. அந்தப் பணத்துக்கு ஜொகூரில் ஆறு பெரொடுவா மைவி கார்களை வாங்கி வாசலில் நிறுத்தலாம். பெட்ரோலும் மலேசியாவில் மலிவு. அதனால்தான் சிங்கப்பூர் தன் நாட்டில் பதிவான கார்கள் எல்லை தாண்டும்போது டாங்கில் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. மலேசியாவும் மானிய விலை ரான் 95 பெட்ரோலை அயல்நாட்டு வண்டிகளுக்கு விற்கக் கூடாது என்கிறது.

இதைக் கேட்டு ஜொகூர்க்காரர் கொடுத்துவைத்தவர் என்று சொல்லிவிட முடியாது. சிங்கப்பூரில் கார் ஆடம்பரம். அது இல்லாமலே எந்த மூலைக்கும் போய்ச் சேரலாம். ஜொகூர் பாருவில் கார் இல்லாவிட்டால் பால் வாங்கக்கூடப் பக்கத்து வீட்டை எதிர்பார்க்க வேண்டிய குடியிருப்புகள் உண்டு. காருக்கு வசதிப்படாதவர் மோட்டார் சைக்கிளில் போகிறார், அதற்கு விலையும் கொடுக்கிறார். மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். சிங்கப்பூரில் 2024இல் சாலையில் மாண்டவர்கள் 142 பேர். மக்கள்தொகை வித்தியாசத்தைக் கணக்கில் கொண்டாலும் மலேசியச் சாலை ஏழு மடங்குக்கும் மேல் கொடியது.

மருத்துவத்தில் மலேசியா செய்திருப்பதை அண்டை நாடுகள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. குடிமகன் ஒருவர் அரசு மருந்தகத்தில் ஒரு ரிங்கிட் கொடுத்து மருத்துவரைப் பார்த்து மருந்தும் வாங்கிக்கொண்டு வரலாம். சிறப்பு மருத்துவருக்கு ஐந்து ரிங்கிட். சிங்கப்பூரில் 1984இல் தொடங்கிய மெடிசேவ், பிறகு வந்த மெடிஷீல்டு, மெடிஃபண்டு என்று சேமிப்பும் காப்புறுதியும் உதவியும் அடுக்கடுக்காக இருக்கின்றன. செலவில் ஒரு பங்கை நோயாளியும் ஏற்க வேண்டும். மலேசியாவில் காத்திருக்கும் நேரம் அதிகம், படுக்கைகளுக்கு நெருக்கடி. 2021 ஜூலையில் நிரந்தர வேலை கேட்டு ஒப்பந்த மருத்துவர்கள் நாடு முழுதும் வெளிநடப்பு செய்தார்கள். அப்படி மனம் கசந்தவர்களும், மலேசியாவில் படித்துத் தேர்ந்த தாதியரும் போய்ச் சேரும் இடங்களில் சிங்கப்பூர் மருத்துவமனைகளும் ஒன்று. சிங்கப்பூரின் 83 ஆண்டு ஆயுளுக்குள் மலேசிய வரிப்பணத்தில் பயின்ற கைகளின் உழைப்பும் இருக்கிறது.

தண்ணீரும் அப்படித்தான். 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன்வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் கேலனுக்கு மூன்று சென் விலை. சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஜொகூர் ஆயிரம் கேலன் 50 சென்னுக்குத் திரும்ப வாங்குகிறது. சுத்திகரிக்க ஆகும் செலவு அதைவிட அதிகம் என்கிறது சிங்கப்பூர். மூன்று சென் என்பது அநியாய விலை என்கிறது மலேசியா. ஒப்பந்தம் 2061வரை இருக்கிறது. அதற்குள் தன்காலில் நிற்க வேண்டும் என்றுதான் கழிவுநீரைச் சுத்திகரித்துப் புதுநீர் ஆக்குவதிலும் கடல்நீரைக் குடிநீராக்குவதிலும் சிங்கப்பூர் பணத்தைக் கொட்டுகிறது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஒப்பீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழி. பள்ளியில் பாடமாகப் படிக்கலாம். ஆனால் தமிழ்வழிக் கல்வி 1982இல் உமறுப் புலவர் உயர்நிலைப் பள்ளியோடு முடிந்தது. மலேசியாவில் தமிழுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆனால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. தைப்பூசத்துக்கு ஜொகூரில் பொதுவிடுமுறை. சிங்கப்பூரில் 1968 முதல் இல்லை, அங்கே காவடி எடுப்பவர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் எடுக்கிறார். பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்துவிட்டுச் சம்பளத்துக்குச் சிங்கப்பூர் போகும் தகப்பன், இரண்டு நாடுகளிலிருந்தும் தனக்கு வேண்டியதைத் தேர்ந்து எடுத்துக்கொண்டவர். பிள்ளை விழிக்கும் முன்பே கிளம்பிவிடுவதால் அவன் சீருடையில் இருப்பதை அவர் படங்களில்தான் பார்ப்பார் என்பது அந்தத் தேர்வோடு சேர்ந்தே வருகிறது.

இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2020 காட்டிவிட்டது. கொரோனாவைத் தடுக்க மலேசியா மார்ச் 18 முதல் எல்லையை மூடுவதாக அறிவித்தபோது மக்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஒரு நாள் அவகாசம். வேலையா, வீடா என்று அதற்குள் முடிவெடுக்க வேண்டும். துணிமூட்டையோடு 17ஆம் தேதி பல்லாயிரம் பேர் பாலத்தைக் கடந்தார்கள். சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் போனார்கள். அன்றிரவே தங்க இடமில்லாமல் ரயில் நிலைய ஓரங்களில் படுத்தவர்களும் உண்டு. ஆகஸ்ட்டில் ஓர் ஏற்பாடு வந்தது: தொடர்ந்து 90 நாள் வேலை செய்தால் விடுப்பில் வீட்டுக்குப் போகலாம், தனிமைப்படுத்தலைத் தாண்டித்தான் பிள்ளையைத் தொட முடியும். 2021 நவம்பர் 29இல் தரைவழி திறந்தபோதும் ஒரு பக்கத்துக்கு நாளொன்றுக்கு 1,440 பேருக்கு மட்டும், அதுவும் பேருந்தில். முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1. அன்று நள்ளிரவில் ஹாரனை அடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் பாலத்தில் பாய்ந்தன. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் பெற்றோரின் இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

இப்போது உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையே நான்கு கிலோமீட்டர் ரயில்பாதை எழும்பியிருக்கிறது. ஐந்து நிமிடப் பயணம், ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேர், இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும் என்று திட்டம். 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கும் கையெழுத்தாகியிருக்கிறது. பாலத்தில் தொலைந்த மணிகளில் பாதி திரும்பக் கிடைத்தாலே பல்லாயிரம் குடும்பங்களின் இரவுச் சாப்பாடு ஒன்றாக நடக்கும்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூருக்குப் போகாமல் ஜொகூர் பாருவிலேயே ரிங்கிட்டில் சம்பளம் வாங்கும் பள்ளி ஆசிரியர், கடைச் சிப்பந்தி, பேருந்து ஓட்டுநர் ஆகியோரும் அதே ஊரில்தான் வீடு தேடுகிறார்கள். முடி திருத்தவும் பல் பார்க்கவும் காரைக் கழுவவும் மளிகை வாங்கவும் வார இறுதியில் சிங்கப்பூரிலிருந்து குவியும் கூட்டத்தைப் பார்த்து விலை வைக்கும் கடையில்தான் அவர்களும் சாப்பிடுகிறார்கள். ரயில் ஓடத் தொடங்கும்போது புக்கிட் சாகார் வட்டாரத்து வாடகை எந்தச் சம்பளத்தைப் பார்த்து உயரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. 1,700 ரிங்கிட்காரருக்கு அங்கே கட்டுப்படியாகும் வீடுகள் எத்தனை ஒதுக்கப்படும் என்பதற்கு ஜொகூர் மாநில அரசு இப்போதே, கட்டடங்கள் எழும்பி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

(அடுத்த வாரம்: மேக்கோங் ஆற்றைப் பங்குபோடும் கம்போடியாவும் வியட்நாமும்)