அப்பாட பேரில போட்டா அரைவாசி விலை: மின்காருக்கு இன்சூரன்ஸ் தேடின மூன்று வாரம்



இந்த வார எபிசோட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், நான் கடைசியில் கார் வாங்கிவிட்டேன். 2019 நிசான் லீஃப், 40 கிலோவாட் அவர் பற்றரி, ஏற்கனவே இரண்டு பேரிடம் இருந்த கார். எபிசோட்டில் சார்ஜிங் பற்றியே ஒரு மணி நேரம் கதைத்துவிட்டோம். ஆனால் என்னை நித்திரை கொள்ளவிடாமல் செய்தது சார்ஜிங் இல்லை, இன்சூரன்ஸ். அதற்கு மைக் முன்னால் நேரம் கிடைக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வயது 24. லைசன்ஸ் எடுத்து 14 மாதம். இருப்பது லண்டன் ஹரோவில், அப்பா அம்மாவோடு. கார் நிற்கப்போவது வீட்டுக்கு முன்னால் வீதியில். இவ்வளவையும் ஒரு விலை ஒப்பிடும் தளத்தில் போட்டேன். வந்த ஆகக் குறைந்த விலை, ஒரு வருடத்துக்கு 2,386 பவுண்டு.

பின்னால் நின்று பார்த்த அப்பா சொன்னார்: "என்ர பேரில போடு பிள்ளை. நான் இந்த நாட்டில இருபத்தேழு வருசமா கார் ஓடுறன், ஒரு கிளெய்ம் இல்லை."

போட்டுப் பார்த்தோம். அப்பா பிரதான ஓட்டுநர், நான் கூட ஓடுகிறவள். 1,120 பவுண்டு. அரைவாசிக்கும் குறைவு!

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்குத்தான் வயிற்றில் ஏதோ செய்தது. ஏனென்று பிறகு சொல்கிறேன். முதலில், அந்த 2,386 எங்கேயிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

மின்காருக்கு ஏன் கூட?

பெட்ரோல் காரைவிட மின்கார் ஓடச் செலவு குறைவு, பராமரிப்பும் குறைவு. அப்போ இன்சூரன்ஸும் குறையத்தானே வேணும் என்று நானும் நினைத்தேன். ஆனால் இன்சூரன்ஸ்காரர் பார்ப்பது ஓடுகிற செலவை இல்லை, இடிபட்ட பிறகு வரும் செலவை.

தாட்சம் ரிசர்ச் என்ற நிறுவனம்தான் பிரிட்டனில் இன்சூரன்ஸ் கம்பனிகளுக்காகக் கார்களை ஆராய்கிறது. அவர்கள் 2023 இல் வெளியிட்ட அறிக்கைப்படி, மின்கார் விபத்துக் கிளெய்ம் ஒன்று அதே மாதிரியான பெட்ரோல், டீசல் காரைவிட சுமார் 25 சதவீதம் கூடச் செலவாகிறது. திருத்த எடுக்கும் நேரமும் சுமார் 14 சதவீதம் கூட.

காரணம் பெரும்பாலும் பற்றரிதான். காரின் பெறுமதியில் பெரிய பங்கு அதுக்குள் இருக்கிறது. அடியில் ஒரு இடி விழுந்தால் உள்ளே என்ன நடந்தது என்று வெளியிலிருந்து சொல்வது கஷ்டம். தீப்பிடிக்கலாம் என்ற சந்தேகத்தில், இடிபட்ட காரை மற்றக் கார்களிலிருந்து தள்ளி வெட்டவெளியில் நிறுத்தி வைக்கவேண்டும். உயர் மின்னழுத்தத்தில் வேலை செய்யப் பயிற்சி பெற்ற மெக்கானிக்குகளும் போதாது. சில நேரம் பற்றரியைச் சோதிப்பதைவிட, திருத்த ஏலாது என்று காரையே எழுதித் தள்ளுவது கம்பனிக்கு மலிவு. அந்த நட்டத்தை நாங்கள் எல்லோரும் பிரிமியத்தில் பங்குபோட்டுக் கட்டுகிறோம். அதுக்கு மேல் அரசின் இன்சூரன்ஸ் வரி 12 சதவீதம்.

போஸ்ட்கோட் என்ற இன்னொரு கேள்வி

காரும் வயதும் மட்டும் இல்லை, எங்கே இருக்கிறீர்கள் என்பதும் விலையைத் தூக்கும். 2022 இல் சிற்றிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு இதை ஆராய்ந்தது. வெள்ளையர் அல்லாதவர்கள் அதிகம் வாழும் இடங்களில் கார் இன்சூரன்ஸ் கூடுதலாக இருப்பதைக் கண்டு, அதுக்கு 'எத்னிசிட்டி பெனல்ட்டி' என்று பெயர் வைத்தது. இனத்தை நாங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பது கம்பனிகளின் பதில்.

அல்கோரிதத்துக்கு எங்கள் இனம் தெரியத் தேவையில்லை, போஸ்ட்கோட் தெரிந்தால் போதும். ஹரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், மிச்சம் என்று எங்கட ஆட்கள் இருக்கிற இடங்களை நினைத்துப் பாருங்கள். எபிசோட்களில் நாங்கள் அடிக்கடி கதைக்கும் 'டேட்டாவில் ஒளிந்திருக்கும் பாகுபாடு' என்ற விஷயம், பிரிமியத்துக்குள்ளேயும் இருக்கலாம் என்பதுதான் இதன் அர்த்தம். இதைத் தனியாளாக மாற்ற ஏலாது. ஆனால் "எனக்கு ஏன் இவ்வளவு?" என்று உங்களையே நொந்துகொள்ளத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

வயிற்றில் ஏன் செய்தது?

என் மச்சாள் ஒருத்தி யூனிவர்சிட்டிக்குப் போனபோது மாமா ஒரு சின்னக் கார் வாங்கிக் கொடுத்தார். இன்சூரன்ஸ் மாமாவின் பெயரில். கார் நின்றதோ இருநூறு மைல் தள்ளி, அவளுடைய யூனி வீட்டு வாசலில். ஒருநாள் ரவுண்டபவுட்டில் இன்னொரு காரில் இடித்துவிட்டாள். கம்பனியிலிருந்து போன் வந்தது. கேட்ட கேள்விகள் மிகச் சாதாரணமானவை. இரவில் கார் எங்கே நிற்கும்? ஒவ்வொரு நாளும் யார் ஓடுகிறது? கடைசியாகப் பெட்ரோல் அடித்தது எங்கே?

பொலிசியை ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று ரத்துச் செய்தார்கள். அவளுடைய காருக்கு ஒரு சதம் வரவில்லை. இடிபட்ட மற்றவருக்குச் சட்டப்படி கம்பனி காசு கொடுத்தது. பிறகு அதைத் திருப்பித் தரச் சொல்லிக் கடிதம் வந்தது. கடிதம் மாமாவின் பெயருக்கு.

இதுக்கு 'ஃப்ரண்டிங்' என்று பெயர். எங்கட வீடுகளில் இது அன்பு. பிள்ளைக்காக அப்பா தன் பெயரைக் கொடுக்கிறார், அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். இங்கே அது மோசடி. 2012 ஆம் ஆண்டு நுகர்வோர் காப்புறுதிச் சட்டப்படி, வேண்டுமென்றே பொய் சொன்னதாகக் காட்டினால் கம்பனி பொலிசியை ரத்துச் செய்து, கட்டின காசையும் வைத்துக்கொள்ளலாம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடிய குற்றம் விழுந்தால் ஆறு புள்ளி. லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகவில்லையென்றால் ஆறு புள்ளியோடு லைசன்ஸே போய்விடும். தியரியிலிருந்து திரும்பத் தொடங்கவேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. "உங்கள் பொலிசி எப்பவாவது ரத்துச் செய்யப்பட்டதா?" என்ற கேள்வி எல்லா விண்ணப்பத்திலும் வரும். ஓம் என்று போட்டால் விலை ஏறும், சில கம்பனிகள் எடுக்கவே மாட்டார்கள். அந்தக் கேள்விக்கு இனி ஓம் என்று போடவேண்டியது மச்சாள் இல்லை, மாமா. இருபது வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓடின மனிதர்.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ரெண்டாயிரத்து முந்நூறு கட்டப்போறியா?" என்று கேட்டார். கோபம் இல்லை, ஆனால் கொஞ்சம் நொந்துபோன குரல். பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் அடித்துக் காசு சேர்த்தவருக்கு, கண்ணுக்கு முன்னால் ஆயிரம் பவுண்டை விடுவது லேசு இல்லை.

கட்டவில்லை. உண்மையைச் சொல்லியே விலையைக் குறைத்தேன். எப்படி என்றால்:

ஒன்று: தேதி. முதல் தடவை, பொலிசி நாளைக்கே தொடங்கவேண்டும் என்று போட்டிருந்தேன். கடைசி நேரத்தில் வாங்குகிறவர்களிடம் விபத்துக் கூட என்று கம்பனிகளின் கணக்கு சொல்கிறது. மூன்று, நான்கு வாரம் முன்னால் தேடினால் பொதுவாக விலை குறையும். கார் எடுக்கும் நாளை 24 நாள் தள்ளிப்போட்டேன். 2,110.

இரண்டு: மைல். கண்ணை மூடிக்கொண்டு 12,000 மைல் என்று போட்டிருந்தேன். வட்ஃபோர்ட்டுக்கு வேலைக்குப் போய் வருகிற தூரத்தையும், சனி ஞாயிறையும் சரியாகக் கூட்டினால் 7,000. 2,020. குறைத்தும் போடவேண்டாம், எம்ஓடி பதிவில் மைல் எல்லாம் இருக்கிறது. வேலைக்குப் போகப் பாவிப்பதென்றால் 'கம்யூட்டிங்' சேர்க்க மறக்கவேண்டாம். இரவில் சாப்பாடு டெலிவரி செய்கிறவர்களுக்கு அதுக்கென்றே தனி இன்சூரன்ஸ் வேண்டும்.

மூன்று: அப்பா. ஓம், அப்பாவேதான்! ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் சாமான் வாங்கவும் உண்மையாகவே அவர் இந்தக் காரை ஓடுவார். பிரதான ஓட்டுநர் நான், கூட ஓடுகிறவர் அவர். அனுபவமுள்ள ஆளைச் சேர்த்தால் விலை இறங்கலாம். 1,830. இது நூறு வீதம் சட்டப்படி சரி. பெயர்கள் அதே இரண்டுதான், எந்தப் பெட்டிக்குள் எந்தப் பெயர் என்பதுதான் வித்தியாசம்.

நான்கு: பிளாக் பொக்ஸ். எப்படி ஓடுகிறோம், எத்தனை மணிக்கு ஓடுகிறோம் என்பதை ஒரு கருவியோ அப்போ அளக்கும். தனியுரிமை பற்றி எங்கள் நிகழ்ச்சியில் எவ்வளவு கத்தியிருக்கிறேன் என்று தெரியும், அதனால் இரண்டு நாள் யோசித்தேன். என்ன டேட்டா எடுக்கிறார்கள், எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள், இரவு ஓட்டத்துக்குத் தண்டனை உண்டா என்று வாசித்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டேன். 1,560. மின்காரில் காலை அழுத்தினவுடனேயே பாயும், அதையும் அது எழுதி வைக்கும். கவனம்.

பலன் தராதவை. எக்ஸஸை, அதாவது கிளெய்மில் நாங்கள் கையிலிருந்து போடும் பங்கை, 250 இலிருந்து 500 ஆக்கிப் பார்த்தேன். 38 பவுண்டுதான் குறைந்தது. அதுக்காக விபத்து நாளில் 250 பவுண்டு கூடக் கட்ட நான் தயாரில்லை. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தால் மலிவு என்பதும் பழைய கதை. இளம் ஓட்டுநர்களுக்குப் பல நேரம் அது கொம்பிரஹென்சிவை விடக் கூடவாக வரும். மாதாமாதம் கட்டுவது வட்டியுள்ள கடன், ஏபிஆரைப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். நான் சேமிப்பிலிருந்து முழுதாகக் கட்டினேன்.

ஒரே ஒரு தளத்தில் நிற்கவேண்டாம். இரண்டு மூன்று ஒப்பீட்டுத் தளம் பாருங்கள். அவற்றில் வராத கம்பனிகளும் உண்டு, அவர்களிடம் நேரே கேளுங்கள். ஆனால் விலைக்காகப் பதிலை மாற்றி மாற்றிப் போடாதீர்கள். பழைய கிளெய்ம்கள் 'கியூ' என்ற பொதுத் தரவுத்தளத்தில் கிடக்கின்றன, லைசன்ஸ் நம்பரை வைத்து டிவிஎல்ஏ பதிவையும் பார்ப்பார்கள்.

காசு கட்ட முதல் கேட்கவேண்டியவை

ஆகக் குறைந்த விலையைச் சொன்ன கம்பனியை நான் விட்டுவிட்டேன். அதன் பொலிசியில் சார்ஜிங் கேபிள் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் கேட்ட கேள்விகள் இவை:

– பற்றரி முழுதாகக் கவரில் இருக்கிறதா? விபத்து, தீ, களவு மூன்றுக்கும்? சில பழைய மின்கார்களில் பற்றரி வாடகைக்கு எடுத்தது. அப்படியென்றால் அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

– சார்ஜிங் கேபிளும் வீட்டுச் சார்ஜரும் சேருமா? கேபிள் களவு போகிற சாமான்.

– என் கேபிளில் யாராவது தடக்கி விழுந்தால் பொறுப்பு யாருடையது? வீட்டு வாசலிலிருந்து நடைபாதையைத் தாண்டிக் கேபிள் இழுக்கிறவர்கள் கவுன்சில் விதியையும் பார்க்கவேண்டும்.

– சார்ஜ் முடிந்து வீதியில் நின்றால் அருகிலுள்ள சார்ஜருக்கு இழுத்துப் போவார்களா?

– மின்கார் திருத்தத் தெரிந்த கராஜ் அவர்களிடம் இருக்கிறதா? திருத்தும்வரை வேறு கார் தருவார்களா?

பற்றரி காலப்போக்கில் தேய்வது இன்சூரன்ஸில் வராது. அது தயாரிப்பாளரின் வாரண்டி, பொதுவாக எட்டு வருடம் அல்லது 100,000 மைல். பழைய மின்கார் வாங்குகிறவர்கள் அதில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டே விலை பேசுங்கள்.

வாங்கின பிறகும் 14 நாளுக்குள் மனம் மாறலாம். ஓடின நாட்களுக்கான காசும் கட்டணமும் கழித்து மிச்சம் தருவார்கள். அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது, அதே வழியில் வரும் புது வாடிக்கையாளருக்குச் சொல்லும் விலையைவிட உங்களிடம் கூடக் கேட்கக்கூடாது. எஃப்சிஏ 2022 ஜனவரியிலிருந்து கொண்டுவந்த விதி அது. அதுக்காகச் சும்மா இருக்காதீர்கள், வேறு கம்பனி இன்னும் மலிவாகத் தரலாம். கிளெய்மில் அநியாயம் நடந்தால் முதலில் கம்பனியிடம் முறையிட்டு, பிறகு ஃபினான்சியல் ஒம்பட்ஸ்மனிடம் போகலாம், இலவசம்.

கடைசியாக நான் கட்டினது 1,590. கேபிள், சார்ஜர் எல்லாம் சேர்த்து. அப்பாவின் 1,120ஐ விட 470 கூட. முதல் வந்த விலையைவிட 796 குறைய. அடுத்த வருடம் என் பெயரில் ஒரு வருட நோ கிளெய்ம் போனஸ் இருக்கும். அப்பாவின் பெயரில் போட்டிருந்தால் அது எனக்கு வந்திருக்காது.

போன ஞாயிறு அப்பா முதல் தடவை லீஃப்பை ஓடினார். பெட்ரோல் ஸ்டேஷன் ஒன்றைத் தாண்டும்போது ஒருக்கா திரும்பிப் பார்த்தார். "சத்தமே இல்லை" என்றார். பிறகு, "அந்தப் பேப்பரில என்ர பேர் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டாவதா இருக்கு அப்பா."

"சரி. அது காணும்."

உங்கள் வீட்டில் இந்தக் கதை எப்படிப் போனது? இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள், அடுத்த எபிசோட்டில் பெயர் சொல்லாமல் வாசிக்கிறேன். கனடா, ஆஸ்திரேலியா ஆட்களும் எழுதுங்கோ, உங்கட விதிகள் வேறு, ஆனால் அப்பாமார் எல்லா இடமும் ஒரே மாதிரிதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் சந்திப்போம்.