ஆம்பர் விளக்கு எரிகிறது, எதை உருவுவது?

சர்வரில் ஒரு டிஸ்க் கெட்டுப்போவது பெரிய விபத்து இல்லை. ரெய்டு 5 முறையில் ஒரு டிஸ்க் செத்தாலும், அதிலிருந்த தகவலை மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டு எடுத்துவிடலாம். பழுது பார்க்கப் போனவர் அவசரத்தில் பக்கத்திலிருக்கும் நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால்தான் வினை. இரண்டு டிஸ்க் இல்லாமல் போனால் அந்தக் கணக்கு நடக்காது; மொத்தத் தொகுப்பும் முடங்கிவிடும்.

சர்வரிலுள்ள டிஸ்க்குகள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி. அடையாளம் சொல்வது முகப்பிலுள்ள சின்ன எல்இடி விளக்குதான். அதற்கென ஐபிபிஐ என்ற பொது வரையறை உண்டு. ஆம்பர் விளக்கு நிலையாக எரிந்தால் டிஸ்க் பழுது. நொடிக்கு ஒருமுறை சிமிட்டினால், தகவல் மறுபடி எழுதப்படுகிறது, தொடாதீர்கள். நொடிக்கு நான்கு முறை படபடத்தால், 'நீங்கள் தேடுவது நான்தான்'. லினக்ஸில் லெட்கட்டில் (ledctl) என்ற கட்டளையால் நாமே அப்படிச் சிமிட்ட வைக்கலாம். அதைச் செய்யாமல் டிஸ்க்கில் கை வைப்பது வீண் துணிச்சல்.

எச்பி நிறுவனம் இந்த ஆபத்தை நேரடியாகவே எதிர்கொண்டது. அதன் புரோலையன்ட் ஜென்8 சர்வர்களின் டிஸ்க் சட்டத்தில், கழற்றும் பொத்தான் மேலேயே ஒரு வெள்ளை விளக்கு வைத்தார்கள். அது எரியும்போது உருவினால் தகவல் போய்விடும் என்று பொருள். விரல் போகும் இடத்திலேயே எச்சரிக்கை! கையேட்டை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்தவர் செய்த வேலை.

டிஸ்க்கை விட்டு சர்வரின் முகப்புக்கு வந்தால் இந்த ஒழுங்கு இல்லை. நீலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டெல் பவர்எட்ஜில் நிலையான நீலம் என்றால் நலம். சிமிட்டும் நீலம் என்றால், ரேக்கில் இந்த சர்வரைக் கண்டுபிடிக்க யாரோ அடையாள விளக்கைப் போட்டிருக்கிறார். புரோலையன்ட்டில் நலத்தைச் சொல்வது பச்சை. நிலையான நீலம்தான் அங்கே அடையாளம். நீலம் சிமிட்டினால் தொலைவிலிருந்து யாரோ வேலை செய்கிறார், அல்லது ஃபர்ம்வேர் ஏறிக்கொண்டிருக்கிறது. மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது. ஒரே நீலச் சிமிட்டல், ஒன்றில் 'இங்கே வா', மற்றதில் 'கை வைக்காதே'. இரண்டு நிறுவனச் சர்வர்களும் கலந்து நிற்கும் ரேக்கில், பழக்கத்தை நம்பி இறங்குபவர் மாட்டிக்கொள்வார்.

நெட்வொர்க் விளக்கின் துடிப்பையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு ஜிகாபிட் வேகத்தில் 1500 பைட் கொண்ட பொதி கடக்க 12 மைக்ரோ நொடிதான் ஆகும். கண்ணுக்குத் தெரியட்டும் என்று சுற்று அந்த ஒளியை நீட்டிக் காட்டுகிறது. ஏதோ போய் வருகிறது என்பதற்கு மேல் அதில் சேதி இல்லை.

முகப்பு முழுக்க இருண்டிருந்தால் பின்பக்கம் போய் பவர் சப்ளை விளக்கைப் பாருங்கள். அங்கே பச்சை தெரிந்தால் மின்சாரம் வந்துகொண்டிருக்கிறது. சர்வர் அணைந்திருந்தாலும் பிஎம்சி என்ற மேலாண்மைச் சில்லு அந்தக் காத்திருப்பு மின்சாரத்தில் விழித்திருக்கும். எது, எப்போது பழுதானது என்ற பதிவை அதனிடமே கேட்கலாம். கேபிளைப் பிடுங்குமுன் விளக்குகளை செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். போட்டோ போதாது, சிமிட்டும் வேகம் அதில் பதியாது.