வாங்குவோர் வாக்கு

ஒரு பெரிய மோட்டார்க் கம்பெனியின் தலைவர், தாம் செய்தது தவறு என்று ஊரறிய ஒப்புக்கொள்வது உலகத்தில் அடிக்கடி நிகழும் காரியமன்று. 2025-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் அது நிகழ்ந்தது. 'ராம்' என்னும் டிரக்கு வண்டிகளை விற்கும் ஸ்தாபனத்தின் தலைவர் டிம் குனிஸ்கிஸ், 'ஹெமி' எனப்படும் எட்டுச் சிலிண்டர் எஞ்ஜினைத் தங்கள் வண்டியினின்றும் நீக்கியது பிழையென்று கூறினார். 2026-ஆம் வருஷத்து வண்டியில் அதனை மீண்டும் வைப்பதாகவும் அறிவித்தார். அறிவிப்பு வெளிவந்த முதல் 24 மணி நேரத்தில் 10,000-க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஆர்டர் வந்ததாகக் கம்பெனி தெரிவித்தது.

எங்கோ ஓடும் வண்டியில் எந்த எஞ்ஜின் இருந்தால் நமக்கென்ன என்று நேயர்கள் வினவலாம். அமெரிக்காவில் இந்தச் சிறு டிரக்கு வெறும் ஆடம்பரப் பொருளன்று. குடியானவனுக்கும் தச்சனுக்கும் கட்டட வேலைக்காரனுக்கும் அது கையிலுள்ள உளியைப் போன்ற ஒரு கருவி. பல வருஷச் சம்பாத்தியத்தை அதில் போட்டவன் அதன் குணத்தையும் குற்றத்தையும் பேசுகிறான். அதைச் செய்தவனின் போக்கையும் பேசுகிறான். அவன் பேச்சுக்கு மதிப்புண்டா இல்லையா என்பதே கேள்வி. கைத்தொழில் வளர வேண்டுமென்று கருதும் எந்தத் தேசத்தாரும் இதற்கு விடை காண வேண்டியவர்களே.

முதலில் இத்தொழில் நிற்கும் கோட்டையைப் பார்ப்போம். 1960-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி முதலிய ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சியின்மீது வரியை உயர்த்தின. அதற்குப் பதிலடியாக ஜனாதிபதி ஜான்ஸன் 1963 டிசம்பரில் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பிராந்தி, உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், சிறு டிரக்கு ஆகிய நான்கின்மீதும் இறக்குமதி வரி ஏறிற்று. டிரக்கின் மீது விதிக்கப்பட்டது 25 சதவீதம். கோழியால் பிறந்த சண்டை ஓய்ந்தது. மற்றப் பண்டங்களின் வரியும் நீங்கிற்று. டிரக்கு வரி மட்டும் அறுபது வருஷங்களைக் கடந்தும் நிலைத்தது. 'கோழி வரி' என்றே அந்நாட்டார் அதனைப் பரிகாசமாக அழைக்கின்றனர்.

நாம் காப்பு வரிக்கு விரோதிகளல்லோம். காப்பின்றி விடப்பட்ட நம் நெசவுத் தொழில் அந்நியர் ஆட்சியில் பட்ட பாட்டை அறிந்தவர் எவரும் அதற்கு விரோதிகளாக மாட்டார்கள். ஆனால் பயிரைக் காக்க இட்ட வேலி வேறு, உழுபவனைத் தூங்க வைக்கும் வேலி வேறு. வேலிக்குள் இலாபம் மிகுந்தது. ஃபோர்டு கம்பெனி 2018-இல், வட அமெரிக்காவில் 'மஸ்டாங்' நீங்கலாகத் தனது சிறு கார்களைப் படிப்படியாகக் கைவிட்டு, டிரக்கு போன்ற பெரிய வண்டிகளிலேயே கருத்தைச் செலுத்துவதாக அறிவித்தது. மலிவான வண்டி வேண்டிய ஏழைக்கு அந்தக் கடையில் இடம் குறைந்தது.

பெரிய வண்டியேனும் குறைவற்றதாக இருந்ததா? ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2025 ஏப்ரலில், 2021 முதல் 2024 வரையிலான டிரக்குகளும் பெரிய கார்களுமாக 5,97,630 வண்டிகளை அமெரிக்காவில் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது. 6.2 லிட்டர் எஞ்ஜினின் உட்பாகங்களில் செய்பழுது. ஓடும்போதே எஞ்ஜின் நின்றுவிடும் அபாயம். சோதனையில் தேறிய வண்டிக்குக் கிடைத்த பரிகாரம் யாது? முன்னிலும் கனமான எண்ணெய்! தேறாத வண்டிக்கு எஞ்ஜினைப் பழுது பார்ப்பது அல்லது மாற்றுவது என்று ஏற்பாடு. உறுதிக்குப் பெயர்போன டொயோட்டாவும் தப்பவில்லை. டெக்ஸாஸில் கட்டப்படும் அதன் 'டன்ட்ரா' டிரக்குகள் உட்பட ஏறத்தாழ 1,02,000 வண்டிகளை 2024-இல் அது திரும்ப அழைத்தது. கடைசல் வேலையில் உதிர்ந்த உலோகத் துகள்கள் எஞ்ஜினுக்குள்ளேயே தங்கிவிட்டனவாம்.

நிற்க. இதே காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்குவதற்கென ஒதுக்கிய தொகையைப் பாருங்கள்: 2023 நவம்பரில் 1,000 கோடி டாலர், 2024 ஜூனில் 600 கோடி, 2025 பிப்ரவரியில் மீண்டும் 600 கோடி. இது சட்டவிரோதமன்று. ஒன்றால்தான் மற்றொன்று விளைந்ததென்றும் நாம் சாதிக்கவில்லை. இலாபத்தில் முதல் பாத்தியதை யாருக்கு என்று மட்டும் கேட்கிறோம்.

இக்கேள்வி புதிதன்று. ஹென்றி ஃபோர்டு 1916-இல் தமது காரின் விலையை 440 டாலரிலிருந்து 360 டாலராகக் குறைத்தார்; கையிருப்பு இலாபத்தைச் சிறப்புப் பங்காதாயமாகக் கொடாமல் புதிய ஆலை கட்டுவதில் செலவிட முனைந்தார். பத்தில் ஒரு பாகத்துக்குச் சொந்தக்காரரான டாட்ஜ் சகோதரர்கள் வழக்காடினர். அவர்கள் போட்டிக் கார் செய்யத் தொடங்கியிருந்தமையால், ஃபோர்டின் நோக்கமும் முழுத் தர்மமென்று சொல்வதற்கில்லை. 1919-இல் மிச்சிகன் மாகாணத்தின் தலைமை நீதிமன்றம், வியாபாரக் கம்பெனி முதற்கண் பங்குதாரரின் இலாபத்துக்காகவே நடத்தப்படுவது என்று விதித்து, ஏறத்தாழ 1.93 கோடி டாலரைப் பகிர்ந்தளிக்கக் கட்டளையிட்டது. ஆலையைப் பெருக்குவதைத் தடுக்கவோ மறுத்துவிட்டது. வாதி இருந்தார், பிரதிவாதி இருந்தார். காரை வாங்கியவன் அந்த வழக்கில் ஒரு கட்சிக்காரனே அல்லன். விசித்திரம் யாதெனில், அந்த டாட்ஜ் பெயரின் வழிவந்ததே இன்றைய ராம் டிரக்கு.

புது வண்டிக்கு ஆர்டர் கொடுப்பவன் நிலையும் இத்தகையதே. அந்நாட்டில் அநேக மாகாணச் சட்டங்களின்படி பழைய கம்பெனிகள் வாங்குவோனுக்கு நேரே விற்க இயலாது. டீலர் வழியாகவே விற்க வேண்டும். 1958-ஆம் வருஷத்துச் சட்டம் விலைச்சீட்டை வண்டியின் கண்ணாடியில் ஒட்டச் செய்தது. எனினும் அதிலுள்ளது கம்பெனி யோசனை கூறும் விலையேயன்றி டீலரைக் கட்டுப்படுத்துவதன்று. ஃபோர்டு 2021 மே மாதத்தில் மின்சார 'லைட்னிங்' டிரக்கை 40,000 டாலருக்குச் சற்றுக் குறைந்த தொடக்க விலையில் அறிவித்து, 100 டாலர் முன்பணம் வாங்கிப் பெயர் பதிவு செய்தது. 2023 மார்ச்சுக்குள் அத்தொடக்க விலை ஏறத்தாழ 60,000 டாலராயிற்று. ஜூலையில் 50,000-க்கு இறங்கிற்று. 2025 டிசம்பரில் அவ்வண்டியின் உற்பத்தியையே கைவிடுவதாகவும், மின்சார வண்டித் திட்டங்களை மாற்றுவதால் 1,950 கோடி டாலர் கணக்கில் எழுதப்படும் என்றும் கம்பெனி அறிவித்தது. நம்பிப் பணம் கட்டியவன் கற்றது, இன்றைய விலை நாளைய விலையன்று என்பதே.

ஆயினும் வாங்குவோன் கையில் ஆயுதம் இல்லாமற் போகவில்லை. 1966-ஆம் வருஷத்துப் பாதுகாப்புச் சட்டத்தின் வழிவந்த முறைப்படி, எந்தச் சொந்தக்காரனும் தன் வண்டியின் குறையைச் சர்க்கார் இலாகாவுக்கு எழுதலாம். ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்ஜினைப் பற்றி 2025 ஜனவரியில் அவ்விலாகா விசாரணை தொடங்கியது இத்தகைய புகார்களின்மேலேதான். மூன்றே மாதங்களில் லட்சக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

வாங்குவோர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நாம் கூறவில்லை. ஹெமிக்குப் பதிலாக வைத்த ஆறு சிலிண்டர் எஞ்ஜின் பலத்தில் அதனினும் மிக்கது. 395 குதிரைச் சக்திக்கு எதிரே 420. ஜனங்கள் பழகிய ஓசையையும் பழகிய உறுதியையுமே விரும்பினர். அது சரியோ தவறோ, பணம் கொடுப்பவனை ஒரு வார்த்தை கேளாமல் முடிவு செய்தது பிழை. அதே ராம் கம்பெனி 2026-ஆம் வருஷத்து வண்டிகளின் எஞ்ஜினுக்கும் அதனோடு இயைந்த பாகங்களுக்கும் 10 வருஷம் அல்லது 1,00,000 மைல் பொறுப்பேற்பதாகக் கூறியது. எஞ்ஜின் ஓசையைவிட இவ்வுறுதியே வாங்குவோர் வாக்கினால் விளைந்த பெரும் பயன் என்பது நமது கருத்து.

நம் நாட்டிலும் இதற்கு வழியுண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 110-ஏ பிரிவு, குறிப்பிட்ட அளவு சொந்தக்காரர்கள் குறையை அறிவித்தால், வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு கம்பெனிக்குக் கட்டளையிடச் சர்க்காருக்கு அதிகாரமளிக்கிறது. அதற்குரிய விதிகள் 2021 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தன. பட்டறை வாசலில் முணுமுணுத்துவிட்டு வீடு திரும்பும் ஆயிரம் பேரைச் சட்டம் எண்ணுவதில்லை. எழுதியனுப்பிய பேரையே எண்ணும். சுதேசித் தொழிலை ஆதரிப்பது நமது கடமை. அதன் குறையை எழுதிக் கேட்பதும் அந்த ஆதரவில் ஒரு பாகமே. வாயில்லாத பிள்ளைக்குப் பால் கிடைப்பதில்லை.